மஞ்சப்பை உட்கார்ந்து போன பஸ்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குள் சாயங்காலத்து நல்லூர் பஸ் திரும்புகிறபோது ராஜாம்பாளைப் பார்க்க வேண்டும். மற்றவர்களெல்லாம் படிக்கட்டுப் பக்கம் முண்டியடித்துக்கொண்டு ஓடுவார்கள். அவள் ஓட மாட்டாள். பஸ் எங்கே வந்து நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே போய் நின்றுகொண்டு, ஜன்னல் நேரே வந்ததும் கையிலிருக்கும் மஞ்சப்பையை உள்ளே விட்டெறிவாள். அது போய்ச் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆற அமரக் கடைசி ஆளாக ஏறுவாள். எங்கள் பக்கத்து ஆட்கள் பத்திரம் பதிந்த நிலத்துக்கே வழக்குப் போடுகிறவர்கள். ஆனால் பஸ் சீட்டில் ஒரு பை கிடந்தால் அதை மட்டும் மதித்துவிடுவார்கள்.

செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. சூளையிலிருந்து வருகிற பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. அதனால் சாயங்காலம் ஒரு சீட்டு என்பது சும்மா இல்லை. ஆனாலும் பிடித்த இடத்தில் அவள் உட்கார்ந்து போனது குறைவு. கூட வேலை செய்கிற யாராவது மாசமாக இருப்பார்கள், இல்லாவிட்டால் யாருக்காவது முட்டி வலி இருக்கும். "ஒக்காரு காசியம்மா, எனக்கு நிக்கறது பழக்கந்தான்" என்று கம்பியைப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்காரர் பழமலைநாதன் இதைக் கேட்டுச் சிரிப்பார். அவரோ மாடுகளைத் தவிர வேறு எதற்கும் எழுந்து இடம் கொடுக்கிற ஆள் இல்லை.

அவள் பிடித்து வைத்த இடத்தில் உட்காராமல் போனது ஒரே ஒரு ஆள்தான். மகள் சிவசங்கரி.

காலேஜ் படித்தபோது நடந்தது அது. அம்மாவுக்கு வேலை விடுகிற நேரமும் மகளுக்குக் காலேஜ் விடுகிற நேரமும் ஒன்று. அன்றைக்குப் பை விழுந்த சீட்டில் ஒருவன் உட்காரப் போக, ராஜாம்பாள் ஜன்னலுக்கு வெளியே நின்றே அவனோடு மல்லுக்கு நின்றாள். சிவசங்கரியின் சிநேகிதிகள் பார்த்துச் சிரித்தார்கள். இடம் கிடைத்தது. ராஜாம்பாள் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்து, "வா பாப்பா" என்றாள். மகள் வரவில்லை. படிக்கட்டு ஓரமாக, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நல்லூர் வரைக்கும் நின்றே வந்தாள். ராஜாம்பாளும் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. நின்றவர்கள் ஏசினார்கள், கண்டக்டர் ஏசினார். காலி இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தே வந்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்கம்மா. இனிமே எனக்கு எடம் போடாத" என்று வீட்டுக்கு வந்து மகள் சொன்னாள். மறுநாளிலிருந்து வேறு பஸ். அப்புறம் சென்னையில் வேலை, கல்யாணம், கார். அம்மாவும் மகளும் ஒரு பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவது என்பது அதற்கப்புறம் நடக்கவேயில்லை. அது ராஜாம்பாளுக்கு உள்ளூர ஒரு குறை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படியிருக்க, போன வருஷம் சிவசங்கரியின் ஆபீஸில் எல்லாரையும் கப்பலில் சுற்றுலா அழைத்துப் போனார்கள். கூட ஒருத்தரைக் கூட்டிவரலாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த இடம் அம்மாவுக்கு வந்தது. ராஜாம்பாள் கப்பலில் ஏறி முதல் காரியமாகச் சாப்பாட்டு மேசையில் இருந்த பீங்கான் தட்டைக் கவிழ்த்து, எந்தக் கம்பெனி முத்திரை என்று அடிப்பாகத்தைப் பார்த்தாள். "யம்மா, வையி" என்றாள் மகள்.

மூன்றாம் நாள் காலையில் கப்பல் ஒரு தீவுக்கு எதிரே நின்றது. அந்தத் தீவின் பெயரை ராஜாம்பாள் இன்றைக்கும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறாள், நான் அதில் தலையிடவில்லை. படகில் இறங்கிக் கரைக்குப் போனால், ஆபீஸ்காரர்களுக்காகக் கண்ணாடி மூடிய ஏசி பஸ் காத்திருந்தது. ராஜாம்பாளுக்கு ஏசி பஸ் ஆகாது. ஏர்போர்ட்டிலிருந்து கப்பலுக்கு வந்த அந்தக் கொஞ்ச தூரத்திலேயே, முன் சீட்டில் பக்கத்திலிருந்த மகளின் மேனேஜர் செருப்பின் மேல் வாந்தி எடுத்திருந்தாள்.

"நீ போயிட்டு வா பாப்பா. நான் இந்த மரத்தடியில ஒக்காந்து கெடக்கறேன்."

"உன்னைய உட்டுட்டு நான் எங்க போறது" என்றாள் சிவசங்கரி. வார்த்தை நல்ல வார்த்தைதான். குரலில்தான் சலிப்பு இருந்தது. ஏசி பஸ் போய்விட்டது.

அப்போது அந்த ஊர் டவுன் பஸ் வந்தது. நீல நிறம். உள்ளே இரண்டிரண்டு பேர் உட்காரும் மரப் பலகைகள். ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. ராஜாம்பாளுக்கு உயிர் வந்தது. கூடைகளோடும் பைகளோடும் ஒரு கூட்டம் அதை நோக்கி நகர்ந்தது. அவ்வளவுதான், கை தானாக வேலை செய்தது. மஞ்சப்பை ஜன்னல் வழியே பறந்து ஒரு பலகையில் போய் விழுந்தது.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை போலிருக்கிறது.

"யம்மா, இது நம்ம ஊரு பஸ்ஸு இல்ல. எல்லாரும் பாக்கறாங்க."

அதே வார்த்தை. ராஜாம்பாள் ஏறி, பையை ஜன்னலோரம் நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடல் தெரிகிற ஓரம் மகளுக்கு. "எந்த பஸ்ஸு, எப்ப திரும்பும்னு கேட்டுட்டு வரேன்" என்று சொல்லி சிவசங்கரி டிக்கெட் கொட்டகைப் பக்கம் விடுவிடுவென்று நடந்தாள். அந்த நடை அம்மாவுக்குத் தெரியும். முகத்தைக் காட்டாமல் போகிற நடை அது.

பஸ் கிளம்பிவிட்டது.

"ஏ பாப்பா" என்று ராஜாம்பாள் கத்தியது எஞ்சின் சத்தத்தில் கரைந்தது. "நிறுத்துங்க, எம்பொண்ணு ஏறலைங்க" என்றாள். டிரைவர் பாட்டுப் போட்டிருந்தார். விசில் ஊதக் கண்டக்டரைத் தேடினால், கண்டக்டரே இல்லை. கண்டக்டர் இல்லாத பஸ்ஸைக் கனவில்கூட அவள் கண்டதில்லை. பணம், போன், கப்பலில் ஏறக் காட்ட வேண்டிய அட்டை எல்லாம் மகளின் கைப்பையில். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல் போய்விடும்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று எழுந்தாள். எழுந்தவளுக்கு மாசி மகக் கூட்டம் ஞாபகம் வந்தது. ஆற்று மணலில் ஜனம் நெரிகிறபோது சின்னப் பெண்ணாக இருந்த சிவசங்கரியிடம் அவள்தான் சொல்லி வைப்பாள்: "காணாமப் போனா நின்ன எடத்த உட்டு நவுராத. நான் வந்து கண்டுபுடிச்சிருவேன்." ஒரு வருஷம் அப்படியே நடந்தது. பிள்ளை பலூன்காரன் பக்கத்தில், அழக்கூடச் செய்யாமல், நட்டு வைத்த மாதிரி நின்றிருந்தது.

இப்போது காணாமல் போனது தான் என்றால், நின்ற இடம் எது? கடற்கரை பின்னால் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தப் பலகையும் பையும்தான். நின்ற இடமே ஓடுகிறது என்றால் அதோடு ஓட வேண்டியதுதான். ராஜாம்பாள் உட்கார்ந்து, சாய்ந்திருந்த மஞ்சப்பையை நேராக நிமிர்த்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவள் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் இருப்பதுபோல.

கடல் என்றால் அவளுக்குக் கடலூரில் பார்த்த கடல்தான். ஒரு பக்கமாக இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு வந்துவிடலாம். இந்தக் கடல் அப்படியில்லை. இடது பக்கம் இருந்தது, மரங்களுக்குள் காணாமல் போனது, மேடு ஏறினால் வலது பக்கம் வந்து நின்றது. கீழே தூரத்தில் அவர்களுடைய கப்பல் வெள்ளையாக, உள்ளங்கையில் வைக்கிற ஃபியூஸ் கட்டை அளவுக்குத் தெரிந்தது. அடுத்த வளைவில் அது வேறொரு பக்கம் இருந்தது. நகர்வது கப்பலா, தீவா, தானா என்று அவளுக்கு விளங்கவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக மடியில் விழுந்து விழுந்து போனது. ஜன்னலில் ஈரமும் பழுத்த பழ வாசனையும் வந்தது. பயம் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கும் கண் சொக்கிக்கொண்டு வந்தது.

ஒரு சந்தையில் கூட்டம் ஏறியது. அவள் வயசுக்காரி ஒருத்தி மீன் கூடையோடு பக்கத்தில் வந்து நின்றாள். நிற்கிறவரின் சுமையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வாங்கிக்கொள்வது நம் பஸ்களில் வழக்கம். ராஜாம்பாள் கையை நீட்டிக் கூடையை வாங்கினாள். அந்த அம்மாள், இவள் பிடுங்குகிறாளோ என்று பயந்து ஒரு இழுப்பு இழுத்தாள். "குடுங்க, நான் வெச்சிக்கறேன்" என்றாள் ராஜாம்பாள், மடியைத் தட்டிக் காட்டி. புரிந்ததும் மீன்காரிக்கு ஒரே சிரிப்பு. பையைக் காட்டி என்னவோ கேட்டாள்.

"எம்பொண்ணு. வருவா" என்றாள் ராஜாம்பாள்.

எந்த மொழியில் எது புரிந்ததோ, அதற்கப்புறம் யாராவது அந்த இடத்தை நோக்கி வந்தால் மீன்காரி முந்திக்கொண்டு கையைக் குறுக்கே நீட்டினாள். நிற்கிறவர்கள் பையைப் பார்த்தார்கள், ராஜாம்பாளைப் பார்த்தார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூட ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். அந்த அமைதியில் பழைய நல்லூர் பஸ் நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான், பக்கத்தில் காலி இடம். பெற்ற பிள்ளை பத்தடி தள்ளி நின்றது. அன்றைக்கு அவள் அழவில்லை. இன்றைக்கு, யாருக்கும் தன் பாஷை தெரியாத ஊரில், மீன் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

மலை உச்சியில் காவி கட்டிய புத்த சாமியார் ஒருவர் ஏறினார். மீன்காரி இப்போது சங்கடப்பட்டாள். பையைக் காட்டி, கையைக் கூப்பிக் கெஞ்சினாள். காவிக்கு இடம் கொடுக்காமல் இருக்க ராஜாம்பாளுக்கு மனசு வருமா? எழுந்து கூடையை அவளிடமே கொடுத்துவிட்டுத் தன் இடத்தை அவருக்குக் கொடுத்தாள். பை ஜன்னலோரத்தில் அப்படியே இருந்தது. சாமியார் பையைப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்து, லேசாகச் சிரித்தார். ஒரு சாமியாரும் ஒரு மஞ்சப்பையும் அருகருகே உட்கார்ந்து மலையிறங்கினார்கள். ராஜாம்பாள் கம்பியைப் பிடித்து நின்றாள். அது அவளுக்குப் பழக்கமான இடந்தான்.

அடிவாரத்தில் சாமியாரும் மீன்காரியும் இறங்கிய நேரத்தில் ஒரு பைக் பஸ்ஸை ஒட்டி வந்து நின்றது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் வாடகைக்கு ஓட்டி வந்தார். பின்னாலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே இறங்கியது சிவசங்கரி. தலையெல்லாம் கலைந்து, முகமெல்லாம் புழுதி. படியேறி வந்தவள் நின்றாள். அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். பை உட்கார்ந்திருக்கிறது.

திட்டப் போகிறாள் என்று ராஜாம்பாள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "நான் எறங்கலாம்னுதான் பாத்தேன் பாப்பா..."

"நீ எறங்க மாட்டேன்னு தெரியும்."

சிவசங்கரி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்துப் பலகையைத் தட்டினாள். "ஒக்காரும்மா."

ராஜாம்பாள் உட்கார்ந்தாள். தோளும் தோளும் இடித்தன. பஸ் கிளம்பியது.

"கப்பலுக்கு நேரம் ஆயிடுமா?"

"இன்னும் நெறைய நேரம் இருக்குதும்மா. இந்த பஸ்ஸு தீவச் சுத்திக்கிட்டு அதே எடத்துக்குத்தான் வருமாம். கொட்டகையில டிக்கெட் குடுக்கற அம்மா சொல்லிச்சு. இங்கயே ஒக்காரு, உங்கம்மா தானா திரும்பி வந்துருவாங்கன்னு."

ராஜாம்பாள் திரும்பி மகளைப் பார்த்தாள். "அப்பறம் என்னாத்துக்குடி கண்டவன் பைக்குல தொத்திக்கிட்டு வந்த?"

சிவசங்கரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் மறுபடியும் இந்தப் பக்கம் வந்திருந்தது.

"நீ எடம் போட்டு வெச்சிருந்தியே. இன்னொரு தடவ அது காலியாவே வரணுமா?"

அத்தனை வருஷமும் அந்தக் காலி இடத்தைத் தான் மட்டும்தான் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று ராஜாம்பாள் நினைத்திருந்தாள். மகளின் மடியிலிருந்த பையின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

படகுத்துறை வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். புதுக் கூட்டம் ஏறியது. அம்மா எழுந்திருக்கப் பார்த்தபோது சிவசங்கரி முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்மா. எறங்கிட்டா எடம் போயிடும்."