செருப்பை மடியில் வைத்துக்கொண்ட பயணி

நான் வேலை பார்க்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில், இணையப் பக்கத்தில் போட என்னைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். வணிக விமானி உரிமம், பயிற்றுநர் தகுதி, பறந்த மணிக்கணக்கு என்று எழுதிப் பார்த்தேன். கல்யாணத் தரகர் கொண்டுவரும் ஜாதகம் மாதிரி இருந்தது. சிரித்துவிட்டுப் பேனாவை மூடினேன்.

உரிமத்தின் பழைய உறையில் இன்னும் பெட்ரோல் வாடை. அது வந்தால் பின்னாலேயே அப்பாவின் சட்டையிலிருந்த கந்தக வாடையும் வந்துவிடும். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவருடைய போர்மேன் சான்றிதழும் தொங்கும். ஆயுதபூஜையன்று அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு. "சான்று இல்லாதவன் கை மருந்துல படக்கூடாது" என்பார். மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்துதான்.

அந்த மருந்து கலக்கும் அறைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. செருப்பின் ஆணி தரையில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒருமுறை சாத்தூர் பஸ்ஸில் ஏறும்போதுகூடச் செருப்பைத் தரையில் விட்டுவிட்டு ஏறினார் மனுஷர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கும் அதே பழக்கம் ஒட்டியிருந்தது அப்போது தெரியவில்லை.

விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்றதும் அவர் தடுக்கவில்லை. ஒன்றுதான் சொன்னார்: "அடுத்தவுகளுக்குக் கத்துக்குடுக்குற சான்று வாங்கு தாயி. அன்னைக்கு நான் ஏறுறேன். அதுக்கு முன்னால ஏற மாட்டேன்."

அவரை ஏற்றிப் பறப்பது ஒன்றுதான் பிறகு என் ஆசையெல்லாம்.

பயிற்றுநர் தேர்வன்று விடிந்ததிலிருந்து பாடங்களையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். விமானத்தின் படியில் கால் வைக்கும்முன் ஷூக்களைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தேன். தேர்வு அதிகாரி கீழே பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"இங்க கிடக்குற பொருள் இன்னொரு விமானத்தோட இஞ்சின்ல மாட்டுனா உயிர் போயிடும்மா. நீங்கதானே இதச் சொல்லித்தரணும்?"

இஞ்சினைக் கிளப்பவே இல்லை. தேர்வு முடிந்தது. ஊருக்குப் போன் போட்டு, "எல்லாம் உங்களாலதான்ப்பா!" என்று கத்தினேன். அந்தக் கத்தலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அப்பா, "அங்கன உசுரக் காப்பாத்துன பழக்கம் இங்கன காலை வாரிருச்சே. சரி, மறுக்காப் போ. நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்றார்.

மறுமுறை தேறினேன். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். உரிமத்தை முன்னும் பின்னும் திருப்பி ஒரு எழுத்து விடாமல் படித்தார். படி அருகே வந்ததும் அவர் கால் தானாகச் செருப்பிலிருந்து வெளியே வந்தது. என்னைப் பார்த்தார், குனிந்து இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.

மேலே பஞ்சு பஞ்சாக மேகம். இஞ்சினின் இரைச்சல்கூடத் தாலாட்டாகக் கேட்டது. அப்பா செருப்பை மடியில் வைத்து அணைத்தபடி, கண் இமைக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரைமணி நேரம் முடியவே கூடாது என்றிருந்தது எனக்கு. இறங்கியதும், "சான்று சரியாத்தான் குடுத்திருக்காக" என்றார்.

எங்கேயும் போகமாட்டேன் என்று சொன்ன சொல்லைத்தான் அவர் காப்பாற்றவில்லை.

இப்போதும் விமானம் ஏறும்முன் படியின் கீழே ஒருமுறை பார்க்கிறேன். சக்கரத்தைச் சோதிக்கிறேன் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தரை சுத்தமாக இருக்கிறது. செருப்பு எதுவும் இல்லை.