ஞாயிற்றுக்கிழமை மணி

திருத்துறைப்பூண்டிக்கு முன்னால் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. கொள்முதல் நிலையத்தில் எடை போடாமல் கிடக்கும் நெல்லை மூட, பஸ்ஸை நிறுத்தி ஆள் கேட்கிறார்கள். நானும் இறங்கித் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்கிறேன். மறுமுனையில் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிய ஓர் அக்கா. இன்னும் ஒரு நெல் அம்பாரம் திறந்து கிடக்கிறது, தார்ப்பாய் தீர்ந்துவிட்டது.

“அக்கா, இது உங்க நெல்லா?”

“இல்லைங்க. யாரோடதோ.”

எதிரே சர்ச் மணி அடிக்கிறது.

“ஆராதனைக்கு நேரமாச்சே?”

“இது ஆராதனை மணி இல்லைங்க. கூரையப் பிரிக்க ஆள் கூப்பிடுறாங்க. புயல்ல ஓடு போனதுலேருந்து எங்க சர்ச்சுக்குத் தார்ப்பாய்தான் கூரை.”

முதல் துளி விழுகிறது. போதகர் அங்கியை வரிந்து கட்டிக்கொண்டு, நான்கு பேரோடு நீலத் தார்ப்பாயைச் சுமந்து ஓடிவருகிறார். நெல்லை மூடி முடிக்கிறோம்.

திறந்த சர்ச்சுக்குள் பெஞ்சுகள் நனைகின்றன. அக்கா பைபிளைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்.