முகமூடிக்குள் ஓர் இடைவெளி

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, விளக்கேற்றி, கோப்பி கலக்கினேன். கணவருக்கு இரண்டு இட்லி வைத்தேன். பிறகு எங்கள் ஊரான பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாரு மருத்துவமனைக்குக் காரை நான்தான் ஓட்டினேன். அவருடைய கதிர்வீச்சுச் சிகிச்சையின் முதல் நாள் அது.

புற்றுக்கட்டி மூக்குக்குப் பின்னால், கண் நரம்பை ஒட்டி இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் பிளாஸ்டிக் வலையைச் சூடாக்கி, அவர் முகத்தில் அழுத்தி, தலை அசையாமலிருக்க ஒரு முகமூடி செய்தார்கள். அதை அணிவித்து எடுத்த சிடி ஸ்கேனை வைத்துத்தான் கதிர் பாய வேண்டிய இடத்தைக் கணக்கிட்டிருந்தார்கள்.

முடி கொட்டலாம் என்று டாக்டர் சொன்னது அவர் மனதில் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

“கொட்டப்போற முடிதானே, முருகனுக்கே குடுத்துட்டேன்லா.”

நானும் சிரித்தேன்.

முகமூடி செய்த அன்று உடனிருந்த, ஸ்கேன் அறையில் வேலை செய்யும் பெண் அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“அலமாக்! ஐயோ அங்கிள், முடி எங்க?”

“முருகன்கிட்ட இருக்கு. வேணும்னா கேட்டுப் பாரும்மா.”

அவள் சிரிக்கவில்லை.

கதிர் பாய்ச்சுவதற்கு முன் அந்தக் கதிர் இயந்திரத்திலேயே இன்னொரு சிடி ஸ்கேன் எடுத்து, பழைய படத்தின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். நான் வெளியே கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் மிகச் சீக்கிரமே வெளியே வந்தார். பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

“ரெண்டு படமும் பொருந்தல. முடி இருந்த இடம் இப்ப காலி, முகமூடிக்குள்ள தலை அசையுது. இன்னிக்கு கதிர் குடுக்கல.”

“எவ்வளவு விலகியிருக்கு டாக்டர்?”

“சில மில்லிமீட்டர்தான். ஆனா கண் நரம்பும் அவ்வளவு பக்கத்துலதான் இருக்கு.”

அன்று மதியமே புதிய முகமூடி செய்து, புதிய ஸ்கேன் எடுத்தார்கள். கணக்கை மறுபடி போட ஒரு வாரம் ஆகும். அதற்குள் கட்டி வளர்ந்துவிடாதா என்று கேட்டேன். முடிந்தவரை சீக்கிரம் முடிக்கிறோம் என்றார் டாக்டர். வளராது என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். “ஆன்ட்டி, சிகிச்சை முடியுற வரைக்கும் தலை இப்படியே இருக்கணும். பிளேடு வேணாம், தோல் புண்ணாயிடும். மெஷின்லயே மழிங்க.”

திரும்பும் வழியில் சிம்பாங் ரெங்கம் ஊரைத் தாண்டினோம். “இன்னிக்கு படம் எடுக்காம கதிர் குடுத்திருந்தா?” என்று கேட்டார். நான் சாலையையே பார்த்து ஓட்டினேன்.

மறுநாள் காலை, விளக்கேற்றுவதற்கும் முன்பாக, அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவருடைய தாடி மெஷினால் தலை முழுவதையும் மழித்தேன். ஒரு முடியும் நிற்கக்கூடாதென்று, காதுகளுக்குப் பின்னால் மட்டும் இரண்டு முறை.