மினுக்கி படுத்திருந்த நாப்பத்தேழு நிமிஷம்

உத்திரமேரூர் தாலுகா ஆபீஸுக்கு எதிர்ல மனு டைப் பண்ற கடை என்னுது. பேரு சசிரேகா. யாரு வந்தாலும் எழுதிக் குடுப்பேன். மனு போட்டவங்களுக்கும் நான்தான், அவங்க எதிராளிக்கும் நான்தான். அதனால சிட்டம்மா கதைய என்னவிட ஒழுங்கா யாரும் சொல்ல முடியாது.

சிட்டம்மா சாலவாக்கம் பக்கம் நடவு நடுற பொம்பள. வாய் ஓயவே ஓயாது. வூட்டுக்காரர் இருசப்பன் நெஞ்சுவலி வந்து ரெண்டு வருஷமா கட்டில்ல கெடந்தாரு. அவங்க காலனிலேர்ந்து சுடுகாட்டுக்குப் போற வழி, வரதன் நெலத்து ஓரமாப் போவுது. காலங்காலமா நடந்த வழி, ஆனா பட்டாவுல ஒரு கோடு கூட கெடையாது. அந்த வழியில நட்டநடுவுல வரதன் தன் எருமையக் கட்டிப் போட்டாரு. எழவு வுழுந்தா பொணத்த வயல் சேத்துல தூக்கினு போவணும். இருசப்பன் கண்டிஷனா சொல்லிட்டாரு: "வழி உட்டாத்தான் சாவேன். என்னை சேத்துல தூக்கினு போற வேலையே வாணாம்."

மனு குடுத்தா "ஆதாரம் எங்க?"ன்னாங்க. போன வருஷத்துக்கு முந்தின தை மாசம், சிட்டம்மா செல்போன ஒரு கல்லுமேல சாச்சி வெச்சி, சார்ஜ் தீர்ற வரைக்கும் அந்த எருமையப் படம் புடிச்சா. நாப்பத்தேழு நிமிஷம். எரும படுத்துகினு கீது, அச போடுது, காத ஆட்டுது. ஒரு காக்கா வந்து ஒக்காந்துட்டுப் போவுது. அவ்ளோதான்.

கல்வெட்டு பாக்க வந்த மெட்ராஸ் காலேஜ் பசங்க அதப் பாத்துட்டு, "இது பரிசோதனைப் படம், எதிர்ப்புப் படம்"னு குதிச்சாங்க. சர்ச்சு செவுத்துல போட்டுக் காட்டினாங்க. நாப்பத்தியோராவது நிமிஷத்துல எரும எழுந்து நின்னப்ப ஊரே கை தட்டுச்சு. நானுந்தான் தட்டினேன், இன்னாத்துக்குன்னு இன்னும் தெரியல.

படம் காட்டினதுக்குப் பேனர் அடிச்சவன் பிளெக்ஸ் கடை தினேஷ்குமார். அவன் அடிக்கிறதெல்லாம் கண்ணீர் அஞ்சலி. அதே டிசைன்ல பேர மாத்தி, சிட்டம்மா போட்டோவ வெச்சி, மாலையும் குத்துவெளக்கும் எடுக்காம அடிச்சிட்டான். கீழ யாரோ போய்ச் சேந்தவரோட மறைவுத் தேதி 2012-ம் அப்டியே நின்னுகினு கீது. "அடப்பாவி, நான் எப்படா செத்தேன்?"னு அவ கத்தினா. கட்டில்ல கெடந்த இருசப்பன், "எனக்கு முன்னாடியே போய்ட்டியேடீ"ன்னு இருமி இருமி சிரிச்சாரு.

மறுவாரமே வரதன் வழிய மறிச்சி செவுரு எழுப்பிட்டாரு. படத்துல அந்தச் செவுரே கெடையாது. தாலுகா ஆபீஸ் விசாரணையில நின்னு, "செவுரு பத்து வருஷமா கீது சார். படம் அதுக்கு முந்தி எடுத்தது. பேனர்லயே 2012 போட்டுகீது பாருங்க"ன்னாரு. சிட்டம்மா செல்லு நடவுச் சேத்துல வுழுந்து செத்துப் போச்சு, எடுத்த தேதியும் அதோட போச்சு. படத்த எப்ப காட்டினோம்னு காலேஜ் பசங்க கடுதாசி குடுத்தாங்க. அதிகாரி, "வெளியிட்ட தேதி வேற, எடுத்த தேதி வேற"ன்னுட்டாரு. அந்த வருஷம் எங்கிட்ட செல்லே கெடையாதுன்னு சிட்டம்மா கத்தினதுக்கு, "இல்லைன்றதுக்கு ஆதாரம் எங்கம்மா?"ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

அப்பதான் அந்தப் பசங்க படத்த அனுப்பின மெட்ராஸ் படவிழாலேர்ந்து ஒரு ஷீல்டு வந்துச்சு. சிறந்த நடிப்பு: மினுக்கி. எருமையோட பேரு அதுதான்.

வரதன் மூச்சிரைக்க எங்கடைக்கு வந்தாரு. "எம்மாடு நடிச்சிகீது, பேரு அவளுக்கா? காப்பிரைட் என்னுதுன்னு எழுதும்மா!"

"எரும உங்களுதுன்னு இன்னாண்ணே ஆதாரம்?"

மாட்டாஸ்பத்திரி கார்டத் தூக்கிப் போட்டாரு. காதுல மாட்டின மஞ்ச வில்லை நம்பரும் படத்துல தெரியிற நம்பரும் ஒண்ணு.

"பொறந்தது எப்போ?"

"ரெண்டாயிரத்து இருவத்தொண்ணு, பங்குனி. என் கண்ணு முன்னாடிதான் பொறந்துச்சு. அதையும் எழுது!"

எழுதினேன். தடிச்ச எழுத்துல. படிச்சும் காட்டினேன். சந்தோசமா கையெழுத்துப் போட்டாரு.

அதிகாரி மனுவ ரெண்டு தபா படிச்சாரு. "படத்துல இருக்கிறது இந்த எருமதானே?"

"சத்தியமா சார்!"

"இருவத்தொண்ணுல பொறந்த எரும பன்னெண்டுல எப்படிய்யா படுத்திருக்கும்? அப்ப செவுரு எங்க இருந்துச்சு?"

வரதன் என்னப் பாத்தாரு. நான் ஃபேனப் பாத்தேன்.

செவுர இடிக்க உத்தரவு வந்துச்சு. சிட்டம்மா அத வாங்கிகினு என் கடை பெஞ்சில ஒக்காந்து ஓன்னு அழுதா. "ஜெயிச்சிட்டோம்னு அந்தாள்கிட்ட எப்டிடீ சொல்றது? வழி உட்டா செத்துப்புடுவேன்னு சொல்லிகீறாரே!" ரெண்டு நாளு அவரு காதுக்குப் போவாம மறைச்சா. மூணாம் நாளு ஜேசிபி சத்தம் காட்டிக் குடுத்துடுச்சு.

இருசப்பன் கட்டில்லேர்ந்து எழுந்தாரு. தடிய ஊனிகினு அந்த வழியில சுடுகாடு வரைக்கும் நடந்தாரு. சுத்திப் பாத்தாரு. திரும்பி வந்து, "வழி நல்லா கீது. ஒண்ணும் அவசரமில்ல, கஞ்சி ஊத்து"ன்னாரு. சிட்டம்மா புதுச் செல்லுல எல்லாத்தையும் படம் புடிச்சிட்டா.

அந்தப் புதுப் படத்துக்கும் பேனர் தினேஷ்குமார்தான், இந்தத் தபா உஷாரா இருந்தான். இருசப்பன் போட்டோவ வெச்சி, தேதியெல்லாம் சரி பாத்து, எங்கடைக்கே வந்து கேட்டான்: "தோற்றம் போட்டுட்டேன்க்கா. மறைவுன்னு ஒரு எடம் கீதே, அதுல இன்னா போடட்டும்?"

நான் சொல்றதுக்குள்ள சிட்டம்மா சொல்லிட்டா. "அத்த அப்டியே காலியா உடுடா."