இரண்டாவது கையெழுத்து

தடய அறிவியல் ஆய்வகத்தில் அவருக்கு ‘ஆமாஞ்சாமி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மனைவிக்குக்கூட அது தெரியும். “ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ஆமாம், வீட்டுல எதைக் கேட்டாலும் இல்லையா?” என்று கிண்டல் செய்வாள்.

சும்மா வைத்த பெயரா? இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்த வேலையே அதுதானே. துப்பாக்கிப் பிரிவின் மூத்த நிபுணர் ஒரு பெண்மணி, எல்லோருக்கும் அக்கா. செத்தவர் உடம்பிலிருந்து எடுத்த குண்டையும், பிடிபட்ட துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டெடுத்த குண்டையும் மைக்ராஸ்கோப்பில் பக்கம் பக்கமாக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். துப்பாக்கிக் குழல் கீறிய கோடுகள் ஒத்துப்போனால், அப்படியே விட்டுவிட்டு இவரைக் கூப்பிடுவார். இவர் குனிந்து பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. ‘இரு நிபுணர்கள் தனித்தனியே சோதித்தனர்’ என்று நீதிமன்றத்தில் வாசித்தால் மறுகேள்வி கிடையாது. தனியாவது, சோதனையாவது! பொருத்தி வைத்துக் காட்டினால் எவன் கண்ணுக்குத்தான் பொருந்தாது?

அன்று வந்தது ஒரு லாரி டிரைவரின் வழக்கு. கொலைக் குற்றம், சாட்சி கிடையாது. அறிக்கை வாங்க வந்த ஏட்டு வாசலிலேயே சொல்லிவிட்டார்: “இந்தப் பேப்பர் ஒண்ணுதான் சார் கேஸே. இது வந்தா அவன் ஆயுசுக்கும் உள்ளதான்.”

அக்கா கோடுகளைப் பொருத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அதற்குள் எலெக்ட்ரீஷியன் வந்து மைக்ராஸ்கோப்புக்குப் பல்பு மாற்றினான். அவன் கை பட்டு இரண்டு குண்டும் சுழன்றுவிட்டன.

சரி, நாமே தேடுவோம் என்று ஆமாஞ்சாமி உட்கார்ந்தார். ஓரிடத்தில் நாலு கோடு சேர்ந்தது, பக்கத்தில் இருந்தவை சேரவில்லை. வேறோர் இடத்திலும் அதே கதை. ஒரு மணி நேரத்தில் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

“என்னப்பா, இன்னும் போடலயா?” என்று வந்தார் அக்கா.

“திரும்பிடுச்சுக்கா. இடம் கிடைக்கல.”

“தள்ளு.” அக்கா உட்கார்ந்தார். “இங்கதான் இருந்துச்சு” என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் வேறு வேறு இடம்.

“அக்கா, காலையில பாத்தது இதுல எது?”

“என்னையே நம்பலயா நீ?”

“நம்பித்தானேக்கா இத்தனை வருஷமும் போட்டேன்.”

அக்கா மறுபடியும் குண்டைத் திருப்பினார். இவர் பேனாவை எடுத்து, ‘அதே துப்பாக்கிதான் என்று உறுதி சொல்ல இயலாது’ என்று எழுதினார். மனதில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

ஏட்டு படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “அவனை விட்டுருவாங்களே சார்!”

“விடட்டும். நீங்க ஒண்ணு சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட்டு உள்ள போனவங்க இப்ப எத்தனை பேர் இருக்காங்க? யாரைக் கேட்டாத் தெரியும்?”

ஏட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லயே சார்.”