முப்பது நாற்காலிகள்

சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைத் தூவுகிறார்கள் அல்லவா, அந்த உப்பு ஓரத்து மண்ணில் இறங்கினால் மண்புழுவுக்கு என்ன ஆகும்? இந்த ஒரு கேள்விக்கு ஒருத்தி தன் வயதில் நாலு வருஷத்தைக் கொடுத்தாள். 'புழு மேடம்' என்று அவளுக்குப் பெயர் வைத்தது தம்பி. கோபம் வந்தால் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அம்மா தையல் கடை வைத்திருக்கிறாள். மகள் புழுவைப் படிப்பதில் அவளுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. "தெரியாத ஊர்ல தனியாக் கிடந்து அல்லாடப் போறியா?" என்றுதான் புறப்படும் நாள் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பயந்தே இவள் ஃபோனில் அளந்துவிடுவாள். லேபில் பத்துப் பேராம், சாப்பாடு எப்போதும் கும்பலாகத்தானாம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுக்கிறார்களாம். லேபில் இருந்ததோ அவளும் முந்நூறு டப்பாக்களில் புழுக்களும். கூடச் சேர்ந்த இரண்டு பேரும் இரண்டாம் வருஷமே பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை கடைக்குப் போய், கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் "பை வேண்டாம்" என்பாள். சில வாரங்களில் திங்கட்கிழமை வரை அவள் வாயைத் திறந்து பேசியது அவ்வளவுதான்.

அதனால் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நாளை அவள் மலைபோல நம்பியிருந்தாள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று துறையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கூட்டம் வரும், கைதட்டுவார்கள். நாலு பேர் நடுவில் தான் நிற்பதை அம்மா வீடியோவில் ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. முந்தின நாளே லிங்கை அனுப்பிக் கண்டிப்பாகச் சொன்னாள்: "உங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணி. உள்ள வந்துட்டு எதையும் அழுத்தாதீங்க. எனக்கு ஃபோன் பண்ணாதீங்க. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருங்க."

காலையில் திரையை விலக்கினால் தெருவையே காணோம். இரவெல்லாம் கொட்டிய பனி வேலி, கார், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கியிருந்தது. பஸ் இல்லை. நடந்தே போனாள். மேகம் கலைந்து வெயில் அடித்தது. மரக்கிளை ஒவ்வொன்றிலும் வெள்ளை விளிம்பு. காற்று அசைத்தால் பொடிப்பொடியாக மின்னிக்கொண்டு இறங்கியது. இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. எதிரே உப்பு லாரி ஒன்று மட்டும் வந்தது. ஓட்டுநர் கையசைத்தார். அவர் பிழைப்பில் குற்றம் கண்டுபிடித்து நூற்றெண்பது பக்கம் எழுதிய புண்ணியவதி இவள்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கருத்தரங்க அறையில் முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர் வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவர்தான். பின்னால் கேமரா பார்க்கும் டெக்னீஷியன். பனியைச் சாக்கிட்டுத் தேர்வாளர்கள் மூவரும் வீட்டிலிருந்தபடியே திரையில் வந்தார்கள். அந்தத் திரையின் மூலையில் பெயரில்லாத ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. காலி நாற்காலிகள் கேமராவில் தெரியாது, அம்மா வந்துவிட்டாள், போதும்.

அந்தக் கட்டத்தைப் பார்த்தே பேசினாள். கடினமான இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, அம்மாவுக்காக ஒரு வரி சேர்த்தாள்: "அதாவது, உப்பு தாங்காமல் புழு மேலே வருகிறது. மேலே வந்தால் குளிர். அங்கேயும் இருக்க முடியாது." கேள்விகள் முடிந்ததும் தேர்வாளர்களில் மூத்தவர், இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கிக் கேட்டதில்லை என்றார். ஒரு திருத்தமும் இல்லாமல் பாஸ். வழிகாட்டி கையைக் குலுக்கி "டாக்டர்" என்று கூப்பிட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

டெக்னீஷியன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அந்தக் கறுப்புக் கட்டத்தை மட்டும் கட் பண்ணிடாதீங்க, எங்கம்மா" என்றாள்.

"அதுவா மேடம்? அது நம்ம ரெக்கார்டிங் மெஷின்" என்றார் அவர்.

அவள் அவசரமாக ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அம்மாவுக்கு அனுப்பியது ஒத்திகைக்காகத் தானே திறந்து, தானே பேசி, தானே கேட்ட வேறொரு வீடியோ அறையின் லிங்க். டெக்னீஷியன் போகும் வரை காத்திருந்துவிட்டு, லேப்டாப்பில் அந்த அறைக்குள் நுழைந்தாள்.

அம்மா இருந்தாள். விசேஷத்துக்குப் போடும் கம்மலைப் போட்டுக்கொண்டு, முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"வந்துட்டியா?" என்றாள் அம்மா. "நாங்க எதையும் தொடல."

தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல இவளுக்கு மனசு வரவில்லை. "கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா. இப்பதான் ஆரம்பிக்குது" என்றாள். கழற்றிய கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த முப்பது நாற்காலிகளுக்கும் வணக்கம் சொன்னாள். நாற்பது நிமிஷம் பேசினாள். யாரோ கேட்டது போலத் தலையாட்டி, கேட்காத கேள்விக்குப் பதிலும் சொன்னாள். நல்ல நடிகைதான், எனக்குச் சந்தேகமே இல்லை.

"பாஸா?"

"பாஸ்மா."

அம்மா அப்பாவைத் தட்டி எழுப்பினாள். இரண்டு பேரும் கைதட்டினார்கள். "சரி, அந்தப் பக்கம் திருப்பு. உங்க சாருக்கும் உன் ஃப்ரெண்ட்ஸுக்கும் ஒரு வணக்கம் சொல்லிக்கிறேன்."

"அவங்கெல்லாம் பிஸியா இருக்காங்கம்மா."

"ஒரு வணக்கம் சொன்னா குறைஞ்சா போயிடுவாங்க? திருப்புடி."

இன்னொரு பொய் அவளுக்குக் கைவசம் இல்லை. லேப்டாப்பைத் திருப்பினாள். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அதற்குப் பின்னால் பெரிய ஜன்னல் நிறையப் பனி.

"அடேயப்பா, என்ன அழகா இருக்கு பாரேன்" என்றார் அப்பா.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அதற்குப் பிறகு அம்மாவிடமிருந்து பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். லைன் இருந்தது. அம்மா திரைக்கு மிக அருகில் வந்திருந்தாள்.

"ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காரு. நாங்க எங்கயும் போகல. முதல்லேர்ந்து சொல்லு."

"மறுபடியுமா? புழுவைப் பத்தியா?"

"புழு கிடக்கட்டும்" என்றாள் அம்மா. "இந்த நாலு வருஷத்தைச் சொல்லு."