விதி மீறாத பதிவு

எங்கள் ஊர் இணையத்தளத்தில் ஒரு கருத்துக்களம் இருந்தது. அதற்கு நான்தான் மட்டுறுத்துனர். போர்நிறுத்தக் காலம் அது. ஊர்காவற்றுறையில் ஒரு கொமினிக்கேசனில் வேலை பார்த்தேன். இரண்டு தொலைபேசிக் கூடுகள், ஒரு கணினி, ஆமை வேகத்தில் இணையம். வெளிநாட்டில் இருந்த ஊர்ச் சங்கத்தார், "தங்கச்சி, ஊரிலை இருக்கிற ஆள் பாத்தால்தான் நல்லது" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் பெருமைதான். ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இருந்து வாய் காட்டுகிறவர்களை அடக்க என் கையில் ஒரு பொத்தான் இருந்ததல்லவா!

தூஷணம் கூடாது, இயக்க அரசியல் கூடாது, பெயர் சொல்லி ஆளைத் தாக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். எல்லோரும் புனைபெயரில் எழுதுவார்கள். மண்கும்பான் கடற்கரை முந்தி எப்படி இருந்தது என்பதற்கே ஒரு கிழமை மல்லுக்கு நிற்பார்கள். நான் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன்.

பிறகுதான் வாசிகசாலைக் கதை வந்தது. அதற்குச் சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போடச் சங்கம் முடிவு செய்தது. இடம்பெயர்ந்து திரும்பிய காலத்திலிருந்து அதைச் சும்மா திறந்து, கூட்டி, பார்த்துக்கொண்டவள் என்னோடு படித்தவள். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். புருஷனுக்குக் கடற்றொழில். கடலில் கெடுபிடி கூடினால் வள்ளம் கரையிலேயே கிடக்கும். அந்தச் சம்பளம் வந்தால் பிள்ளைகளைப் படிப்பித்துவிடலாம் என்று நம்பியிருந்தாள். அவளையே போடலாமா என்று சங்கம் களத்தில் கருத்துக் கேட்டது.

'உண்மைவிரும்பி' என்றொருவர் எழுதினார். "கடலை நம்பி வாழ்வோர் மீது எமக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் மீன் கூடை சுமந்த கைகளுக்கும் ஏடு சுமக்கும் கைகளுக்கும் வேறுபாடு உண்டு. அவரவர் இடம் அவரவர்க்கு அழகு. எம் தந்தையார் உவந்தளித்த அலுமாரியை எந்தக் கை திறக்கிறது என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு."

எங்கள் ஊரில் ஒரு கதிரை வாங்கிக் கொடுத்தாலும் அதன் முதுகில் 'உபயம்' என்று பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். வாசிகசாலையில் இருந்தது ஒரே ஒரு அலுமாரி. அதன் கதவில் வெள்ளைப் பெயின்றில் எழுதியிருந்தது எங்கள் அப்பாவின் பெயர். முகத்தை மூடிக்கொண்டு வந்த மனிசனுக்கு அலுமாரிப் பெருமையைச் சொல்லாமல் இருக்க ஏலாமல் போய்விட்டது. எழுதியவர் சுவிஸில் இருந்த என் அண்ணை.

உடனே அந்தப் பதிவைக் களத்திலிருந்து தூக்கினேன். அடுத்த நாள் காலையில் பதிவு திரும்பவும் அங்கே இருந்தது. "விதி எதுவும் மீறப்படவில்லை. கருத்தைக் கருத்தால் எதிர்கொள்ளட்டும்" என்று சங்கத்தார் குறிப்புப் போட்டிருந்தார்கள். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நான் ஆற்றையும் பேர் சொன்னனானோ? கெட்ட வார்த்தை ஏதும் எழுதினனானோ?" என்றார்.

"அதைவிட மோசமா எழுதியிருக்கிறியள்."

"நீ சின்னப் பிள்ளை. உனக்கு உது விளங்காது."

எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது.

அன்று பின்னேரமே என்னோடு படித்தவளுக்குக் கனடாவில் இருந்து எங்கள் கொமினிக்கேசனுக்கு அழைப்பு வந்தது. அவளின் தங்கச்சிக்காரி. ஊரில் இணையம் பார்க்கிறவர்கள் குறைவு, அவள் காதுக்குப் போகாது என்று நினைத்திருந்தேன். மடைச்சி நான். கூட்டுக்குள் நின்று அவள் கேட்டுக்கொண்டிருப்பது கண்ணாடிக்கு ஊடாகத் தெரிந்தது. தங்கச்சி வரிவரியாக வாசிக்கிறாள் என்று விளங்கியது. ஒரு கட்டத்தில் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூடினாள். எனக்கு மேசைக்குக் கீழே போய் ஒளிக்கவேண்டும் போல் இருந்தது.

வெளியே வந்து என் முன்னால் இருந்தாள்.

"எனக்கு அந்த வேலை வேண்டாமெண்டு எழுதும். என்ர பேரைப் போட்டு எழுதும்."

பள்ளிக்கூடத்தில் என்னை 'எடியே' என்று கூப்பிட்டவள், இப்போது 'எழுதும்' என்று மரியாதை வைத்தாள்.

"விடாத. நான் சங்கத்தோடை கதைக்கிறன்" என்று கெஞ்சினேன்.

"பிள்ளையளுக்கு முன்னாலை நான் உந்தக் கதை கேக்க ஏலாது. எழுதும்."

எழுதினேன். அந்தக் களத்தில் சொந்தப் பெயரோடு வந்த முதல் பதிவு அதுதான்.

மளமளவென்று பதில்கள் வந்தன. "சகோதரியின் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம்" என்று உண்மைவிரும்பி எழுதினார். இவ்வளவு நாகரிகமான விவாதம் நம் களத்தில் நடந்ததேயில்லை என்று சங்கத்தார் மெச்சி, மட்டுறுத்துனருக்கு நன்றியும் சொன்னார்கள். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திராது.

இரண்டு நாள் கழித்து அவள் திரும்பவும் வந்தாள். எழுதினது ஆர் என்று தங்கச்சிக்கு விளங்காமல் இருந்திருக்கும், இவளும் யோசித்திருக்க மாட்டாள் என்று நான் அதுவரைக்கும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வாசிகசாலைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தாள்.

"இதை உங்கடை வீட்டிலை குடுத்துவிடும்."

நான் அதைத் தொடவில்லை. அவள் படியில் இறங்கப் போனவள் நின்று திரும்பினாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"அண்ணையோடை கதைச்சால் சொல்லும். நல்ல தமிழ்."